குறைந்த எண் ஜெயிக்கும்

அத்தியாயம் 9

செய்தித்தாளைத் தொடர்ந்து பதினோராவது நாளாக அக்காவே தட்டிக்கொண்டு போனாள் என்பதோடு போன வாரம் நின்றோம். இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கீழே சாவி செய்யும் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அங்கே பூட்டுக்காரர், வயது எழுபத்தொன்று, மனைவியை இழந்தவர். கூடவே அவருடைய ஒரே மகள், டவுன் பஸ் ஓட்டுகிறாள். வீட்டில் எந்தச் சண்டை கிளம்பினாலும் குறுக்கே வந்து நிறுத்துவதால் தெருவே அவளை 'பிரேக்கு' என்றுதான் கூப்பிடும். மாடியில் பூட்டுக்காரரின் அக்கா, எழுபத்து நான்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள். தம்பியோடு மட்டும் ஒன்பது வருடம் பேச்சில்லை. அவருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது அவர் போன் செய்து சொல்லவில்லை, இவள் போன் செய்து விசாரிக்கவில்லை. யார் முதலில் போன் செய்வது என்பதில் வந்த சண்டை! எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளுக்கு இப்படி ஒரு சண்டை அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நாலு மாதம் முன்னால் பிரேக்குதான் அத்தையைக் கூட்டி வந்து மாடியில் குடிவைத்தாள். இருவருக்கும் சர்க்கரை. ஆகவே ஒரே நிறத்தில், ஒரே அளவில் இரண்டு சுகர் மிஷின் வாங்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். மறுநாள் காலை ஆறரை மணிக்கு மாடிப்படியிலிருந்து ஒரு குரல் இறங்கி வந்தது.

"எனக்கு நூத்தி நாப்பது. உனக்கு எவ்வளவுடா?"

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அக்கா தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது. கீழே மிஷின் பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "நூத்தி முப்பத்தெட்டு" என்று பதில் வந்தது. அதில் ஒரு கர்வமும் இருந்தது.

பந்தயம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. குறைந்த எண் யாருக்கோ அவருக்குத்தான் செய்தித்தாள் முதலில். தோற்றவர் கைக்கு அது குறுக்கெழுத்து முழுக்க நிரம்பிய பிறகுதான் போகும்.

தெருவுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கடந்த ஐந்து வாரமாக அக்கா கூவிய எண் எல்லாம் பொய்.

ஒருநாள் காலையில் மிஷின் இருநூற்று அறுபத்தெட்டு என்றது. அக்கா மிஷினைத் தட்டிப் பார்த்தாள், துடைத்துப் பார்த்தாள், வேறு விரலைக் குத்திப் பார்த்தாள். இருநூற்று எழுபது. இதைச் சொன்னால் தம்பி திட்டுவான், பிரேக்கு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் காலைப் பேச்சு விளையாட்டாக இருப்பது போய் விசாரணையாகிவிடும். "நூத்திப் பத்து!" என்று கூவினாள். ஒருமுறை நூற்றுப் பத்து ஆனவள் மறுநாள் இருநூற்று அறுபது ஆக முடியுமா? பொய்யிலும் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். ஒருநாள் நூற்றெட்டு, ஒருநாள் நூற்றுப் பதினேழு, நம்பும்படியாக நடுவே ஒரு நூற்று இருபத்திரண்டு.

அதே ஐந்து வாரத்தில் பூட்டுக்காரர் இளைத்துக்கொண்டே போனார். பெல்ட்டில் தன் கையாலேயே புதிதாக மூன்று ஓட்டை போட்டுக்கொண்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைக் காட்டினார். தெருவும் பாராட்டியது. ரொட்டிக்கடைக்காரர் மட்டும், "என்னமோ கொடியில துணி தொங்குற மாதிரி இருக்காரே" என்றார். "உங்க ரொட்டி தின்னு ஊதினவங்களைப் போய் முதல்ல பாருங்க" என்று அக்கா அவர் வாயை அடைத்ததைப் போன வாரம் படித்தீர்கள். கடை வாசலில் படுக்கும் நாய் மட்டும் ஏன் திடீரென்று கொழுத்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

இனி, புதன்கிழமை காலை.

மிஷின் இருநூற்று அறுபத்து மூன்று காட்டியது. அக்கா படியருகே வந்து, தொண்டையைச் செருமி, "நூத்திப் பன்னெண்டு!" என்றாள்.

படியில் குனிந்து மறுபடி கூவினாள்.

"டேய், நூத்திப் பன்னெண்டு! லைன்ல இருக்கியா?"

கீழே இரும்பில் இரும்பு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. தோற்றுப்போன கோபத்தில் பேசாமல் இருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். உரசல் நிற்கவில்லை. எலி சுரண்டுகிற மாதிரி அது விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கையில் மிஷின் பெட்டியோடு, காலில் செருப்புகூட இல்லாமல் இறங்கினாள். மத்தியானத்துக்கு முன்னால் கடையைக் கூட்டுகிற வழக்கம் பூட்டுக்காரருக்குக் கிடையாது. நேற்று அரத்தால் சாவி ராவியபோது உதிர்ந்த பித்தளை, தூளும் சுருளுமாகத் தரையில் மின்னிக்கொண்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டு ஓடினாள்.

ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. பூட்டுக்காரர் இரும்பு அலமாரி முன்னால் நின்று சாவியைத் துளையில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி துளைக்கு ஒரு விரல் தள்ளி, வெறும் தகட்டைக் குத்தியது. மறுபடி குத்தியது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்தப் பூட்டையும் திறக்கிற கை அது. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

"என்னடா பண்றே?"

அவர் திரும்பிப் பார்த்தார். "யாரு? கடை இன்னும் தொறக்கலை. அப்புறம் வாங்க."

"நான்தாண்டா. அக்கா."

"பூட்டை மாத்திட்டாங்க" என்றார். குழந்தை முறையிடுவதுபோல் உதடு பிதுங்கியது. "என் பூட்டை எவனோ மாத்திட்டான்." சொன்னபடியே அலமாரியில் சாய்ந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்தார்.

அக்கா புது ஊசியைப் போட்டு அவர் விரலைக் குத்தினாள். மிஷின் ஐந்து விநாடி யோசித்து, நாற்பத்தொன்று என்றது.

குறைந்த எண்தான் ஜெயிக்கும் என்று விதி வைத்தவள் அவள்தான். அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்டதாகச் சொல்கிறார்கள். முதலில் ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தவர், அவள் வாயடைத்து அனுப்பிய அதே ரொட்டிக்கடைக்காரர்.

"எண்ணு கீழ போயிடுச்சு! சர்க்கரை கொண்டாங்க, சர்க்கரை!"

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஓடினார், ஒரு டம்ளர் தண்ணீரில் கை நிறையச் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு வந்தார். மாவு அப்பிய கையாலேயே பூட்டுக்காரரின் தலையை நிமிர்த்திப் பிடித்து, "முழுங்குறாரா பாருங்க அக்கா. மெதுவா, மெதுவா" என்றார். விழுங்கினார். இன்னொரு வாய். இன்னொன்று. பிறகு ரொட்டி ஏற்றும் வேனில் தட்டுகளை ஓரமாகத் தள்ளி ஆளைப் படுக்க வைத்தார்கள். அக்கா கிடைத்த சாக்ஸையும் ஷூவையும் மாட்டிக்கொண்டு, மிஷினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். வழியெல்லாம் வேனுக்குள் சூடான ரொட்டி வாசனை. அந்த வாசனைக்கு நடுவே தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டே போனாள். அவள் வாழ்க்கையில் எந்த எண்ணையும் இவ்வளவு ஆசையாக எண்ணியதில்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. ஒரு மணி நேரத்தில் பூட்டுக்காரர் கண் திறந்தார். "அக்கா, பேப்பர் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு அசதியில் தூங்கிப்போனார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

பஸ்ஸை டிப்போவில் ஒப்படைத்துவிட்டு பிரேக்கு யூனிபாரத்தோடு வந்து சேர்ந்தாள். அவள் வந்த கையோடு டாக்டரம்மாவும் வந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, பேனாவைக் காதில் செருகும் பழக்கம்.

"வீட்டு மிஷின் கொண்டு வந்திருக்கீங்களா? பழைய ரீடிங் எல்லாம் அதுல இருக்கும்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் அதில் இருக்குமா! அவள் சமாளிப்பதற்குள் பிரேக்கு அத்தையின் பையிலிருந்து மிஷினை எடுத்துக் கொடுத்துவிட்டாள். டாக்டரம்மா பட்டனை அமுக்கிக்கொண்டே போனார்.

"நாப்பத்தொண்ணு... அதுக்கு முன்னாடி இருநூத்தி அறுபத்து மூணு, இருநூத்தி அம்பத்தெட்டு, இருநூத்தி எழுபத்தொண்ணு... ஒரு மாசத்துக்கு மேல இப்படியேதான் இருக்கு."

"இருநூத்தி அறுபதா?" பிரேக்கு திகைத்துப்போனாள். "டாக்டர், அப்பா எங்கிட்ட தினம் எண்பது தொண்ணூறுன்னுதான் சொல்வாரு. நான் விடியறதுக்கு முன்னாடியே டியூட்டிக்குப் போயிடுவேன். இவ்வளவு நாளா பொய்யா சொல்லிட்டிருந்தாரு?"

"நிறையப் பேர் வீட்டுல சொல்ற பொய்தான்" என்றார் டாக்டரம்மா. காதிலிருந்து பேனாவை எடுத்தார். "இன்னைக்கு ஏதோ சாப்பிடாம விட்டிருக்கார், அதான் இறங்கிடுச்சு. மத்தபடி மாத்திரை இவருக்குப் பத்தலை. கூட்டணும். ராத்திரிக்கு இன்சுலினும் சேர்த்துப் பார்க்கலாம்."

பிரேக்கு தூங்குகிற அப்பாவைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. "எங்கிட்டயே பொய் சொல்லியிருக்காரு பாருங்க அத்தை."

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். தம்பியின் பெல்ட் அதில் தொங்கியது. அவரே போட்ட மூன்று ஓட்டை. அந்த மிஷினில் தம்பிக்குச் சொந்தமானது ஒரே ஒரு எண், அந்த நாற்பத்தொன்று. மற்றதெல்லாம் இவளுடையது. சொன்னால் என்ன ஆகும்? நாலு மாதம் முன்னால்தான் கிடைத்த தம்பி. இன்னொரு ஒன்பது வருடம் பேசாமல் இருக்க இரண்டு பேருக்கும் ஆயுள் மிச்சமில்லை. சொல்லாவிட்டால், அதோ அந்தப் பேனா எழுதப்போகும் மருந்து தம்பியின் உடம்புக்குள் போகும்.

பேனா தாளைத் தொட்டது.

"டாக்டர், எழுதாதீங்க. லைன் மாறிப் போச்சு."

"என்னம்மா?"

"அந்த மிஷின் என்னுது. பதட்டத்துல என் மிஷினை வெச்சுத்தான் அவனைக் குத்திப் பார்த்தேன். அந்த இருநூத்தி அறுபதெல்லாம் என் ரத்தம். பொய் சொன்னது அவன் இல்லை. நான்தான்."

சொல்லச் சொல்ல மொத்தமும் வந்துவிட்டது. ஆறரை மணி, மாடிப்படி, செய்தித்தாள், குறுக்கெழுத்து எல்லாம். பிரேக்கு வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த வீட்டில் பிரேக் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான். டாக்டரம்மா எழுதத் தொடங்கிய தாளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். தாள் கிழிந்த சத்தம் அக்காவுக்குக் கோயில் மணி போல இருந்தது.

பூட்டுக்காரரை எழுப்பிக் கேட்டார்கள். "எல்லாம் ஒழுங்காத்தான் போகுது" என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"இவ நூத்திப் பத்துலயே நிக்கிறா டாக்டர். எனக்கு நூத்தி முப்பதுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. என்னைவிட மூணு வயசு பெரியவ! அதான் ராத்திரிச் சாப்பாட்டை வாசல்ல நாய்க்கு வெச்சுட்டு, பழைய அட்டையில மிச்சமிருந்த மாத்திரையைச் சேர்த்து ரெண்டா போட்டுக்கிட்டேன். உடனே எண்பத்தஞ்சு! ஆனாலும் பாருங்க, இவதான் ஜெயிச்சேன்னு சொல்லிக்கிட்டு..." திடீரென்று நிறுத்தினார். அவர் விஷயத்தைத் தப்பாகச் சொன்னதுபோல் அவருக்கே பட்டது. "இல்லையே, எண்பத்தஞ்சுதானே கம்மி?"

"நீ பேப்பர் கேட்டா நான் தரலை" என்றாள் அக்கா தலையைக் குனிந்தபடி. "ஒருநாள் கம்மின்னா கணக்கில்லை, ஒரு வாரச் சராசரி பார்க்கணும்னு விதியை மாத்தினேன். சராசரியை நான்தான் போட்டேன்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்கச் சிரமமாகத்தான் இருந்தது. ஆனால் பேசும்போது சிரிக்கவில்லை. பூட்டுக்காரரைக் கதவுவரை நடக்கச் சொல்லி வாட்சைப் பார்த்தார். நாலு மீட்டருக்கு ஏழு விநாடி, ஐந்தே அதிகம். தன் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பூட்டுக்காரரின் பிடி, பழைய கீல் மாதிரி தளர்ந்திருந்தது.

"ஐயா, நாற்பது வயசுக்காரருக்கு ஏறுற சுகர்தான் பெரிய எதிரி. உங்க வயசுல இறங்குற சுகர் ஒரே காலையில ஆளைக் கொண்டுபோயிடும். உங்க கிட்னி கொஞ்சம் தளர்ந்திருக்கு. போட்ட மாத்திரை சீக்கிரம் வெளியே போகாது, உள்ளேயே தங்கி வேலை செய்யும். சும்மா இளைக்கிறது, நடை மெதுவாகுறது, பிடி விடுறது, தனியா உக்காந்து சாப்பாட்டைத் தள்ளுறது, இதெல்லாம் பார்த்துத்தான் நாங்க பயப்படுவோம். தெருவில பாராட்டுவாங்க, ஏன்னா அவங்களுக்குத் தெரியாது. காலையில நூத்துக்குக் கீழ போகாம, நூத்தி அம்பதுக்குள்ள இருந்தா எனக்குப் போதும். பெல்ட்ல இருக்கிற அந்த ஓட்டையெல்லாம் மறுபடி வேலையில்லாம போகணும்."

"ரொட்டிக்கடைக்காரர் சொன்னாரு" என்றாள் அக்கா மெல்ல. "கொடியில துணி தொங்குதுன்னு. நான்தான் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன்."

"நல்ல டாக்டர் அவர்" என்றார் டாக்டரம்மா. பிறகு கண்ணாடிக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். "இப்ப உங்க முறை. அஞ்சு வாரமா இருநூத்தி அறுபது. கால் மரத்துப்போற மாதிரி ஏதாவது இருக்கா?"

"காலா? என் கால் கல்லு மாதிரி டாக்டர். முள்ளு குத்தினாக்கூட எனக்கு வலியே தெரியாது" என்றாள் அக்கா பெருமையாக.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "வலியே தெரியாதா?" என்று அவர் குனியும்போதே நர்ஸ் ஓடிவந்து பக்கத்து வார்டுக்கு அழைத்தாள். "நாளைக்குக் காலையில ஷூவைக் கழட்டிட்டு என் எதிர்ல உக்காரணும். மறக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

அறையில் மூன்று பேர். பூட்டுக்காரர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். அக்காவுக்கு அந்த முதுகு பழக்கமான முதுகு. ஒன்பது வருடம் மனசுக்குள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினாள். ஊருக்கெல்லாம் லைன் போட்டவளுக்குத் தன் லைனில் ஒரு வார்த்தை அகப்படவில்லை.

அந்த முதுகுதான் முதலில் பேசியது.

"அப்போ, அஞ்சு வாரமா நான் ஒருநாள்கூடத் தோக்கலையா?"

"இல்லைடா."

"அந்தக் குறுக்கெழுத்து அத்தனையும் என்னுது."

"உன்னுதுதான்."

"அநியாயம்!" என்று திரும்பினார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. "சாவுகூடப் பரவாயில்லை, ஜெயிச்சது தெரியாமப் போயிருப்பேனே!"

"வாயைக் கழுவுப்பா!" என்று பிரேக்கு அதட்டினாள். அதட்டிவிட்டு அவளே சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்து ஒரே மூக்கில் சிந்தினாள்.

பூட்டுக்காரரை ஒருநாள் வைத்திருந்து பார்க்க வேண்டும், மாத்திரையின் வேகம் இறங்க வேண்டும் என்றார்கள். பிரேக்கு அங்கேயே தங்கினாள். தம்பியின் போனை அவர் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு அக்கா மட்டும் தெருவுக்குத் திரும்பினாள். நேரே ரொட்டிக்கடைக்குப் போனாள். கல்லா முன்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். எல்லார் எதிரிலும் சொன்னாள்.

"உங்களைத் திட்டினேன். இன்னைக்கு என் தம்பியைத் திருப்பிக் கொடுத்தீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை."

"திட்டினது எனக்கு ஞாபகமே இல்லை அக்கா" என்றார் அவர். பொய்தான். அதையும் அக்கா நன்றியோடு வாங்கிக்கொண்டாள்.

கடைக்குள் தரை அப்படியே கிடந்தது. அலமாரித் தகட்டில் காலையில் சாவி கீறிய கோடுகள். அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு தட்டில் சாதத்தையும் பருப்பையும் போட்டுக்கொண்டு மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நாயும் பக்கத்தில் வந்து எதிர்பார்த்து உட்கார்ந்தது. "உன் ராஜபோகம் முடிஞ்சுது" என்றாள் அதனிடம். நாற்பத்தொன்றில் ஒரு உயிர் நின்றது, நின்று திரும்பி வந்தது. தட்டில் இருந்த ஒவ்வொரு கவளமும் ருசித்தது.

சாப்பிட்டு முடித்து ஷூவைக் கழற்றினாள். வலது கால் சாக்ஸ் வரவில்லை, உள்ளே எங்கோ ஒட்டியிருந்தது. இழுத்தாள். அடிப்பக்கம் முழுக்கக் கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். குதிகாலுக்கு முன்னால் ஒரு வெட்டு. அதன் நடுவே, சாவியிலிருந்து ராவி விழுந்த பித்தளைச் சுருள் ஒன்று சதைக்குள் பாதி புதைந்து மின்னியது. காலை ஆறரையிலிருந்து அதன் மேல்தான் நடந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தா, படி, தெரு எல்லாம்.

வலிக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள். அப்போதும் வலிக்கவில்லை.

கழுவி, துணியைச் சுற்றி, நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொன்னது. அவன் படுக்கையில் கிடக்கிறான், அவனை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று அதே மனசு நியாயமும் சொன்னது. நூற்றுப் பத்து என்று முதல்முதலாகக் கூவச் சொன்ன மனசும் இதுதான்.

அக்கா போனை எடுத்தாள். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அழுத்தாத எண். விரல் அதை மறந்திருக்கவில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"என்ன அக்கா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். தம்பி, கால்ல உன் கடைப் பித்தளை குத்தியிருக்குடா. நிறைய ரத்தம் போயிருக்கு."

"ரொம்ப வலிக்குதா?"

"இல்லை" என்றாள். "துளி வலிகூட இல்லை. அதான் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. "பிரேக்கு, டாக்டரைக் கூப்பிடு! ரொட்டிக்கடைக்காரருக்குப் போன் போடு, வேனைக் கொண்டுவரச் சொல்லு!" என்று கத்துவது கேட்டது. பிறகு குரல் அவள் காதுக்கு மிக அருகில் வந்தது.

"அக்கா, காலைக் கீழே வெக்காதே. போனை வெச்சுடாதே. வேன் வர்ற வரைக்கும் லைன்லயே இரு."

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சில், கணக்கு மூன்று நிமிடம் ஆனதும் ஊரார் பேச்சையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் துண்டித்த கை அது. அந்தக் கை போனைக் காதோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டது. தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது. அக்கா காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இருக்கேன்டா" என்றாள். "இருக்கேன்."